பழைய மொரிஸ் மைனரின் கரண்ட் கோளாறு: ஏர்த்தா, வயரிங்கா, அல்டர்நேட்டரா?

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். கொழும்பில் இருக்கிற மச்சான், "அந்த டைனமோவைக் கழற்றி எறிஞ்சுபோட்டு ஜப்பான் அல்டர்நேட்டர் ஒண்டைப் பூட்டு, கரைச்சல் முடிஞ்சுது" என்றார். (இரண்டும் எஞ்சின் ஓடும்போது கரண்ட் செய்து பற்றரியை நிரப்புபவை, டைனமோ பழைய வகை.) இங்கே மட்டக்களப்பில் ஒரு கராஜில் பொனட்டைத் திறந்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "வயரிங் முழுக்க உருவிப் புதுசா இழுக்கவேணும்" என்றார்கள். காத்தான்குடியில் டைனமோ, ஸ்டார்ட்டர் வேலை செய்கிற நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார்.

கார் 1959 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, 948 சிசி, பெரியப்பா வாங்கி ஓட்டியது. கல்முனைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பினால் ஹெட்லைட் குப்பி விளக்குப்போல மஞ்சளாகிவிடும், ஹோன் அடித்தால் சிக்னல் மின்னுவது நிற்கும், விடியக்காலையில் ஸ்டார்ட்டரை இழுத்தால் "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 2022 இல் கியூஆர் கோட்டுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுத்த காலத்தில் கார் மாதக்கணக்காக நின்றது. இந்தக் கோளாறுகளெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள் இல்லையா, அந்த இடைவெளியில் வீட்டுக்குப் பின்னால் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய கார்களையெல்லாம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர் வெளியே எடுத்துக் கழுவினார்கள். அவர்களில் யாராவது இப்போது இதே மூன்று யோசனைகளுக்கு நடுவில் நின்று முழித்துக்கொண்டிருந்தால், இது அவர்களுக்கு.

முதலில் நானா கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

நான் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். எஞ்சின் சோம்பேறித்தனமாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "திருப்பி." இரண்டாம் முறை. மூன்றாம் முறை இழுக்கும்போது அவர் டேஷ்போர்டில் இருக்கிற சோக் குமிழைப் பிடிக்கச் சொன்னார். பிடித்த கையை உடனே எடுத்துவிட்டேன், சுடுதேநீர்க் கோப்பையைத் தொட்டதுபோல இருந்தது. பொனட்டுக்குள்ளே, காபரேட்டருக்குப் போகும் அந்தச் சோக் கேபிளின் உறையிலிருந்து மெல்லிசாகப் புகை. "இது டைனமோ இல்ல தம்பி, ஏர்த். கரண்டு திரும்பிப் போறதுக்கு வழியில்லாம சோக் கேபிளால போகுது."

விஷயம் இதுதான். ஏர்த் என்பது கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகிற வழி; காரில் பொடிதான், அதாவது காரின் இரும்புக் கூடுதான், அந்த வழி. எஞ்சின் இறப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் பொடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் நல்ல உலோகத் தொடுப்பு இல்லை. அந்த வேலைக்கென்று கியர்பொக்ஸ் பக்கத்தில் செப்பு இழை பின்னிய ஒரு பட்டி போட்டிருப்பார்கள். என் காரில் அது இருந்தது, ஆனால் கறள் பிடித்து, ஒயில் ஊறி, ஒரு பக்கத்து நட்டு இளகி, பேருக்குத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; அந்தக் கரண்ட் போகிற வழி அடைபட்டால் அது எங்கே ஒரு சந்து கிடைக்கிறதோ அங்கே நுழையும். சோக் கேபிள், அக்சிலரேட்டர் கம்பி, எது உலோகமாக எஞ்சினைத் தொடுகிறதோ அது. புதிய பட்டி ஒன்றைப் போட்டு, பொடியில் அது உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டி, வசலின் பூசி இறுக்கினோம். எஞ்சின் சுண்டி எடுத்ததுபோலச் சுற்றியது. மச்சான் சொன்னதைக் கேட்டிருந்தால் புது அல்டர்நேட்டரோடு அதே "டொக்"தான் கேட்டிருக்கும். கராஜில் சொன்னதைக் கேட்டிருந்தால் புது வயரிங்கோடும் சோக் கேபிள் சுட்டிருக்கும்.

அதனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா என்பதுதான். ஒரு சாதாரண மல்டிமீற்றரும், பழைய ஸ்டொப் லைட் ஹோல்டரில் 21 வாட்ஸ் பல்ப் போட்டு இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் லாம்பும் போதும். வசதியான ஒரு காலை நேரம் போதும். எஞ்சின் நின்று ஆறிய பிறகு பற்றரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் பாதி. அப்புறம் ஒருவரை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லிவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் முனைக் குமிழிலும் (வயரின் கிளிப்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே) மறுமுனையை எஞ்சின் புளொக்கிலும் வையுங்கள். நல்ல ஏர்த் என்றால் அரை வோல்ட்டுக்குள் காட்டும். எனக்குக் காட்டியது நான்கு வோல்ட்டுக்கு மேல். அதாவது பற்றரி கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்குப் போகாமல் வழியிலேயே சூடாகிப் போய்விட்டது. இதே முறையில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பல்ப் ஹோல்டரின் உலோகத்துக்கும் பற்றரியின் ஏர்த் குமிழுக்கும் இடையில் பார்த்தால் மங்கலுக்குக் காரணம் தெரியும். என் இடப்பக்க லைட்டில் ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துகொண்டிருந்தது.

நம்முடைய ஊருக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள் கார் வைத்திருக்கிறோம். கல்லடியிலோ நாவலடியிலோ வீடு என்றால் உப்புக்காற்றில் ஸ்க்ரூ தலைகூடக் கரையும். மாரியில் வெள்ளம், அது வற்றிக் கொஞ்ச நாளில் கச்சான் காற்றோடு புழுதி. மைனரின் வயர்கள் சந்திக்கிற இடமெல்லாம் சின்னத் தோட்டாபோன்ற முனைகளை ஒரு இறப்பர் குழாய்க்குள் எதிரெதிரே தள்ளியிருப்பார்கள், புல்லட் கனெக்டர் என்று சொல்வது அதைத்தான். வெளியே பார்த்தால் சுத்தமாக இருக்கும், இழுத்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. கிறிலுக்குப் பின்னால் இருக்கிற கனெக்டர் கூட்டத்தை ஒரு நாள் முழுக்க இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எமரிப் பேப்பரால் தேய்த்து மறுபடி போட்டதில் எனக்குக் கிடைத்த வெளிச்சம், புது பல்ப் போட்டும் கிடைக்காதது.

இன்னொன்று, எவை சேர்ந்து செத்தன என்று பாருங்கள். மைனர் 1000 இல் பியூஸ் இரண்டே இரண்டு. பியூஸ் பெட்டியில் ஏ1, ஏ2 என்ற முனைகளுக்கு இடையில் இருப்பது ஹோனும் உள் லைட்டும்; எப்போதும் கரண்ட் உள்ளது. ஏ3, ஏ4 க்கு இடையில் இருப்பது திறப்பைப் போட்டால்தான் உயிர் வரும்: ஸ்டொப் லைட், சிக்னல், வைப்பர், பெற்றோல் கேஜ். இந்த நான்கும் ஒரே நேரத்தில் போனால் பியூஸைத் தவிர வேறெங்கும் தேடாதீர்கள். ஒன்று மட்டும் போனால் அதன் பல்ப், ஹோல்டர், ஏர்த். பிரேக்கை மிதித்தால் பின்சிக்னல் மங்கலாக எரிகிறது, பார்க் லைட் அணைகிறது என்று பேய் பிடித்ததுபோல ஏதாவது நடந்தால், அந்தப் பின்லைட் பொடியில் பூட்டியிருக்கும் ஸ்க்ரூவில் கறள். ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. ஐம்பதுகளின் ஆங்கிலேயருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை போலிருக்கிறது. இருட்டில் திடீரென்று கண் தெரியாமல் போவதைவிட வயர் எரியட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பியூஸ் வாங்கும்போது கவனம். மைனரின் மின்சாமான்களைச் செய்த ஆங்கிலக் கம்பனியான லூக்காஸின் பழைய கண்ணாடிப் பியூஸில் 35 என்று போட்டிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இப்போது கடையில் கிடைக்கிற பியூஸ்களில் பெரும்பாலும் தாங்குகிற அளவைத்தான் எழுதியிருப்பார்கள். 35 என்று கேட்டு அதை வாங்கிப் போட்டால் பியூஸ் நிற்கும், வயர் உருகும்.

சரி, இப்போது யோசனைகளுக்கு வருவோம். மேலே சொன்ன மூன்றோடு, யாரும் வாயால் சொல்லாமல் எல்லோரும் செய்கிற நான்காவது ஒன்றும் இருக்கிறது: ஒட்டு வேலை. எது எரியவில்லையோ அதற்குப் பற்றரியிலிருந்து நேரே ஒரு புது வயர் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, டேப் சுற்றிவிடுவது. மலிவு, ஒரு மணித்தியால வேலை, அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். என் காரில் அப்படி மூன்று பரம்பரை ஒட்டு இருந்தது. பக்கத்துத் தூணிலிருந்து கை நீட்டுகிற பழைய சிக்னலை யாரோ எடுத்துவிட்டு மின்னுகிற லைட் பூட்டியபோது இழுத்தது ஒன்று. பெரியப்பாவின் கசற் ரேடியோவுக்கு இழுத்தது ஒன்று. மைனர் பொசிட்டிவ் ஏர்த் (பற்றரியின் பொசிட்டிவ் முனை பொடியோடு சேர்ந்தது), ரேடியோ நெகட்டிவ் ஏர்த் என்பதால் ரேடியோவைப் பொடியில் படாமல் ஒரு பலகைத் துண்டில் ஆணியடித்து வைத்திருந்தார்கள், கெட்டிக்காரத்தனம்தான். ரேடியோ எப்போதோ போய்விட்டது, வயர் போகவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு தகட்டு ஓரத்தில் உரசி உரசித் தோல் போய், ஈரக் காலத்தில் மட்டும் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. விடியக்காலைப் பற்றரிச் சாவுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதைப் பிடித்த விதம் யாரும் செய்யக்கூடியது. பற்றரியின் ஏர்த் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் இடையில் ஒரு சின்னப் பல்பை வைத்தேன். திறப்பு எடுத்தாயிற்று, கதவு மூடியாயிற்று, ஆனாலும் பல்ப் மின்மினி மாதிரி எரிந்தது. கடிகாரமோ கம்பியூட்டரோ இல்லாத காரில் அது எரியவே கூடாது. ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டு போக, ரேடியோ வயரைக் கழற்றியதும் அணைந்தது. ஒட்டு வேலையை முழுக்கத் திட்டமாட்டேன், பாசிக்குடாவுக்குப் போகும் வழியில் நின்றால் அதுதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும். ஆனால் வந்த அடுத்த நாளே அதைக் கழற்றவேண்டும், யாரும் கழற்றுவதில்லை. நானும் ஒன்றைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன், எது என்று சொல்லமாட்டேன்.

முழு வயரிங் மாற்றுவது எப்போது நியாயம்? ஒரு வயரை, பழைய பின்னல் உறையோடு, விரலில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இருக்கட்டும். மொறுமொறுவென்று முறுக்கு உடைவதுபோல உள் உறை உடைந்து செம்பு தெரிந்தால், ஒட்ட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். எஞ்சினுக்கு அருகிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் இரண்டு மூன்று இடத்தில் வளைத்துப் பாருங்கள், பின்லைட்டுக்குப் போகும் வயர் நன்றாக இருக்கிறது என்று ஏமாறவேண்டாம். வெள்ளத்தில் டேஷ்போர்ட் வரை மூழ்கிய கார் என்றாலும், 2004 சுனாமியில் கடல்நீர் குடித்துத் தப்பிய கார் என்றாலும், நான் யோசிக்கவே மாட்டேன். உப்புநீர் செப்பு இழைக்குள் ஏறிவிட்டால் வெளியே நல்ல உறை, உள்ளே கரிப்பொடி. வெட்டிப் பார்த்தால் கறுப்பு, ஈயம் ஒட்டாது.

அப்படி மாற்றுவதென்றால் அதிலும் இரண்டு வழி. இங்கிலாந்தில் இன்றைக்கும் பழைய நிறக் கணக்கின்படி, நூல் பின்னலோடு மைனருக்கென்றே முழு ஹானஸ், அதாவது வயர்க்கட்டு, செய்து விற்கிறார்கள். அனுப்புகிற செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் நெஞ்சு அடைக்கும், ஆனால் ஒவ்வொரு வயரும் சரியான நீளத்தில், சரியான முனையோடு வரும். பொறுமையுள்ள ஒருவர் இரண்டு மூன்று சனி ஞாயிறில் தானே பூட்டிவிடலாம். மற்றது, இங்கேயே வயர் வாங்கிக் கையால் கட்டுவது. செலவு குறைவு, ஆனால் எல்லாம் கட்டுகிறவரின் கையில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு மைனரில் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயரை இழுத்திருந்தார்கள். கார் அதிர்வில் அது ஆறு மாதத்தில் முறியும். காருக்கு நூல்போல மெல்லிய இழைகள் சேர்ந்த வயர்தான் வேண்டும். 0.30 மில்லிமீற்றர் இழை 14 இருந்தால் அது 8.75 ஆம்பியர் தாங்கும், பார்க் லைட்டுக்கும் சிக்னலுக்கும் போதும். 28 இழை 17.5 ஆம்பியர், ஹெட்லைட்டின் பிரதான லைனுக்கு. 44 இழை 27.5 ஆம்பியர், டைனமோவுக்கு. கடையில் "கொஞ்சம் தடிப்பான வயர்" என்று கேட்காமல் இந்தக் கணக்கில் கேளுங்கள்.

கையால் கட்டினால் நிறத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். லூக்காஸ் நிறக் கணக்கு அழகான ஒரு மொழி: பிறவுண் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை திறப்பைப் போட்டதும் வருவது, பச்சை அதே வெள்ளை பியூஸைத் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், மஞ்சள் டைனமோ, கறுப்பு ஏர்த். இது தெரிந்த ஒருவர் எந்த ஊரிலும் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் உங்கள் காரைத் திருத்திவிடுவார். கையில் இருந்த சிவப்பு வயரையே எல்லாவற்றுக்கும் போட்டால், திருத்தப் போகிறவர் உங்களையும் கட்டியவரையும் சேர்த்துத்தான் ஏசுவார்.

இனி டைனமோவா அல்டர்நேட்டரா. இதில்தான் மச்சானோடு எனக்கு இன்னும் வழக்கு.

கணக்கைப் பார்ப்போம். மைனரில் வரும் லூக்காஸ் சி39 டைனமோ 19 ஆம்பியர் தரும், அதற்குப் பிறகு வந்த சி40 தருவது 22 ஆம்பியர். பழைய 42 வாட்ஸ் ஹெட்லைட் பல்ப் இரண்டும் 7 ஆம்பியர், நான்கு சின்ன லைட் 2, இக்னிஷன் 3 அல்லது 4, வைப்பர் ஒரு 3. மாரி மழையில் இரவில் எல்லாவற்றையும் போட்டு ஓடினாலும் 16 ஐத் தாண்டாது. அதாவது நல்ல நிலையிலுள்ள டைனமோ அந்தக் காருக்குப் போதும், அந்தக் காருக்காகத்தான் அதைச் செய்தார்கள். குறை எங்கே என்றால், எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது டைனமோ ஒன்றும் தராது. டவுனுக்குள் வாகன நெரிசலில் பத்து நிமிஷம் லைட்டோடு ஊர்ந்தால் முழுக்கப் பற்றரியிலிருந்துதான் போகும். சிவப்பு இக்னிஷன் லைட் மினுக்குவது அப்போதுதான். அது கோளாறு இல்லை, அக்சிலரேட்டரைக் கொஞ்சம் தொட்டால் அணையவேண்டும். தொட்டும் அணையவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள், அப்புறம் டைனமோ.

டைனமோவைக் காரிலேயே சோதிக்கலாம். அதிலிருந்து வரும் டி, எஃப் என்ற இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, டைனமோவின் அந்த இரண்டு முனையையும் ஒரு வயர்த் துண்டால் ஒன்றாக்கி, அதற்கும் பொடிக்கும் இடையில் மீற்றர் வையுங்கள். பொசிட்டிவ் ஏர்த் என்பதால் சிவப்பு முனை பொடிக்கு. எஞ்சினை மெதுவாக ஏற்றினால் வோல்ட் விறுவிறுவென்று ஏறும். 20 வந்ததும் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் முறுக்கினால் டைனமோவுக்குக் கூடாது. ஏறினால் டைனமோ சுகமாக இருக்கிறது, குற்றவாளி, டைனமோவுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துகிற, நாங்கள் கட்டவுட் என்று சொல்கிற அந்தக் கறுப்புப் பெட்டி. ஒரு வோல்ட்டிலேயே நின்றால் பீல்ட் கொயில் (அசையாமல் நிற்கிற சுருள்), நான்கு ஐந்தில் நின்றால் ஆமேச்சர் (நடுவில் சுற்றுகிற சுருள்). ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் ஆமேச்சரை உரசிக் கரண்டை எடுக்கிற காபன் தேய்ந்திருக்கும். காபன் மாற்றி, ஆமேச்சரின் செம்புப் பகுதியைச் சுத்தம் செய்வது ஒரு பகல் வேலை. பின்பக்கப் புஷ்ஷுக்கு எண்ணெய் விட ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதில் சொட்டு விடாமல் டைனமோ அரைபட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

டைனமோவின் பெரிய பலம், அதைத் திறந்து திருத்தலாம். கொயில் கட்டுகிறவர் ஒருவர் இருந்தால் ஆமேச்சரைக்கூட மறுபடி கட்டிவிடுவார், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கட்டுகிற கை அதையும் கட்டும். அதன் பலவீனம் கட்டவுட். உள்ளே தொட்டு விலகுகிற முனைகளான பொயின்ற் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற பிறகும் பற்றரி டைனமோவுக்குள் கரண்டைத் தள்ளும். டைனமோ மோட்டார் ஆகப் பார்க்கும், பெல்ட் விடாது, சூடாகும், எரியும். நிறுத்திய காரின் பொனட்டுக்குள்ளிருந்து எரிந்த மணம் வந்தால் யோசிக்காமல் பற்றரியைக் கழற்றுங்கள். இதற்காகவே பற்றரி ஏர்த்தில் ஒரு துண்டிக்கிற சுவிட்ச் போட்டிருக்கிறேன், எந்த யோசனையைத் தேர்ந்தெடுத்தாலும் அதைப் போடுங்கள்.

அல்டர்நேட்டர் பக்கம் என்ன? ஐடிலிலேயே சார்ஜ் கொடுக்கும், ஒரு சின்ன ஜப்பான் கார் அல்டர்நேட்டர் 40, 50 ஆம்பியர் தரும், வோல்ட் 14 சொச்சத்தில் ஆடாமல் நிற்கும், கட்டவுட் வேண்டாம். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று எடுத்தால் டைனமோ ஆமேச்சர் கட்டுவதைவிடப் பெரிய வித்தியாசம் வராது. ஹலஜன் ஹெட்லைட், போனுக்குச் சார்ஜர், மின்விசிறி, பாட்டு என்று போடப் போகிறவருக்கும், கலியாணக் காராக ஊர்வலத்தில் நடைவேகத்தில் லைட்டோடு ஓடுகிறவருக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் "கழற்றிப் பூட்டு" என்று மச்சான் சொல்கிற அளவுக்கு அது லேசு இல்லை. பிராக்கெட் வெட்டிச் செய்யவேண்டும்; பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரம் நேர்கோட்டில் வராவிட்டால் பெல்ட்டைத் தின்னும். பழைய மஞ்சள் வயர் 22 ஆம்பியருக்கு இழுத்தது, 50 ஆம்பியருக்கு அது காணாது, பற்றரிக்குப் புதிதாகத் தடித்த லைன் போடவேண்டும். கட்டவுட்டில் சந்தித்த பிறவுண் வயர்களையெல்லாம் முறையாக ஒன்றுசேர்க்கவேண்டும். சிவப்பு இக்னிஷன் லைட்டின் பல்ப் போனால் டைனமோ கவலைப்படாமல் சார்ஜ் பண்ணும். பல அல்டர்நேட்டர்களுக்கு அந்தப் பல்ப் வழியாகத்தான் முதல் உயிர் வருகிறது, பல்ப் போனால் சார்ஜும் தூங்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், காரை நெகட்டிவ் ஏர்த் ஆக்கவேண்டும். பற்றரியைத் திருப்பி வைத்து, குமிழ்களின் பருமன் வேறு என்பதால் கிளிப்பையும் மாற்றி, இக்னிஷன் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றவேண்டும். ஸ்டார்ட்டர், லைட், ஹோனுக்கெல்லாம் திசை ஒரு பொருட்டே இல்லை. அல்டர்நேட்டருக்கு அது உயிர்: ஒரு கணம் மாறிக் கொடுத்தால் உள்ளே டயோட் எல்லாம் கருகும். மாற்றிய பிறகு பொனட்டுக்குள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் "மைனர் என்றால் பொசிட்டிவ் ஏர்த்" என்று தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் பாஸ் நல்ல மனதோடு பற்றரியை மாற்றிப் பூட்டிவிடுவார்.

பொசிட்டிவ் ஏர்த்திலேயே வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பற்றரி இறங்கினால் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் கொடுப்போம். பொசிட்டிவுக்குப் பொசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ், அது மாறாது. ஆனால் அந்தக் காரின் பொடி நெகட்டிவ், உங்கள் பொடி பொசிட்டிவ். இரண்டு பம்பரும் தொட்டால் தீப்பொறி பறக்கும். ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள்.

நான் கடைசியில் செய்தது இதுதான். ஏர்த் எல்லாம் புதிது: எஞ்சின் பட்டி, பற்றரிக் கேபிள், நான்கு மூலை லைட்டுக்கும் தனித்தனியே ஒரு கறுப்பு வயர். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒட்டு வயர்கள் வெளியே (அந்த ஒன்றைத் தவிர). ஹெட்லைட்டுக்கு ரிலேயும் தனிப் பியூஸும். வளைத்துப் பார்த்ததில் முன்பக்க வயர்கள் மட்டும் மொறுமொறுத்ததால் அந்தப் பகுதியை மட்டும் நிறம் மாறாமல் கையால் கட்டினோம், நானா கட்ட நான் பிடித்துக்கொடுத்தேன். டைனமோவுக்குக் காபன் மாற்றியாயிற்று. அல்டர்நேட்டர் இல்லை. இரவில் கூடுதலாக ஓடுவது கல்முனை வரைதான், ஒரு நாற்பது கிலோமீற்றர், அதுவும் நிற்காமல் ஓடுகிற ரோடு. நான் டவுனுக்குள் வாடகைக்கு ஓட்டுகிறவனாக இருந்தால் மாற்றியிருப்பேன்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு தடவை நின்றேன், கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட. பௌர்ணமி இரவில் அந்தப் பாலத்தில் மீன் பாடுகிறது என்று காது கொடுத்துக் கேட்பவர்கள் உண்டு; நான் திறப்பைப் போட்டு, பொனட்டைத் திறந்து, பெற்றோல் பம்பின் டிக் டிக் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். மைனரின் எஸ்யூ பம்ப் கரண்டில் வேலை செய்வது. நிற்காமல் படபடவென்று அடித்தால் பெற்றோல் இல்லை அல்லது குழாயில் காற்று, சத்தமே இல்லையென்றால் வயர், ஏர்த் அல்லது உள்ளே பொயின்ற். சத்தம் இல்லை. ஸ்பானரின் பிடியால் மெல்லத் தட்டினேன், டிக், டிக், டிக் என்று தொடங்கியது. பொயின்ற் கருகியிருந்தது, அடுத்த நாள் தேய்த்துப் போட்டேன்.

போன வருஷக் கடைசியில் மச்சான் வந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். சந்தியில் நிற்கும்போது சிவப்பு லைட் மினுக்கியது. "பார், சார்ஜ் இல்ல" என்றார். அக்சிலரேட்டரைச் சற்றே தொட்டேன், அணைந்தது. "அடுத்த சந்தியில திரும்பவும் வரும்" என்றார். வந்தது.